கைப்பிடி பத்துமலையில், கடல் எங்கள் வாசலில்

இதை எழுத எனக்கு நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பேனாவை எடுப்பேன். வெட்கம் வந்து தடுத்துவிடும். வேறு எதையாவது எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன்... நீங்களும் வாசித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பீர்கள்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் பூ வாங்கப் போயிருந்தேன். மாலை கட்டிக்கொண்டே பூக்கார அக்கா பேச்சுக் கொடுத்தார்.

"கிள்ளான் பக்கமா அண்ணே? அங்க கடலோரத் தாமான்ல ஒரு அதிசயம் நடந்திச்சாமே. கடல் தண்ணி உள்ள வருது, கதவை மூடற இரும்பு பத்துமலையில இருக்கு. யாரோ கையில வேலோட வந்தாராம், ஒரே திருப்பு. கதவு மூடிக்கிச்சு. ஆளைக் காணோமாம்."

அந்த இரும்பைப் பத்துமலைக்குக் கொண்டுபோனவன் நான்தான். அதுவரை உண்மை. மற்றதெல்லாம்...? இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் குடியிருப்பான அந்தத் தாமான் கடலை ஒட்டியது. சுற்றிலும் மண் கரை. வாசலில் காவலுக்கு ஜாகா, புல் வெட்டுவது, குப்பை லோரி, விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் எங்கள் குடியிருப்பாளர் சங்கம்தான் பார்த்துக்கொள்கிறது. ஆனால் சங்கத்தின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? மழைத் தண்ணீர் ஓடும் பெரிய லோங்காங் கடலில் சேரும் இடத்தில் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது, அங்கே. கடல் ஏறுவதற்கு முன் அதை இறக்கி மூட வேண்டும். வடிந்ததும் தூக்க வேண்டும். மூட மறந்தால் கடல் உள்ளே வரும், திறக்க மறந்தால் மழைத் தண்ணீர் வெளியே போகாது.

இதற்கு ஆள் வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை. வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை போட்டுக்கொண்டோம். முறை முடிகிற நாள் சாயங்காலம், கதவை ஏற்றி இறக்க மாட்டிச் சுற்றும் இரும்புக் கைப்பிடியை அடுத்த முறைக்காரர் கையிலேயே கொடுக்க வேண்டும். வாசலில் வைத்துவிட்டு வரக்கூடாது. மாற்றுக்கு இருந்த இரண்டாவது கைப்பிடி உப்புக் காற்றில் அரித்துப் போய், புதிது செய்யச் சொல்லியிருந்த சமயம் அது.

என் முறை தைப்பூசத்துக்கு முதல் நாள் முடிந்தது. அடுத்த முறை பாக் மாட்டுக்கு. எங்களுக்கு மூன்றாவது வீட்டுக்காரர், குழாய் வேலை செய்பவர். சாயங்காலமே கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ஒரு வாரம் ஊரைக் காத்த இரும்பாயிற்றே என்று சந்தனம் குங்குமம் வைத்து, முருகன் படத்தடியில் வைத்தேன். விடியுமுன் கிளம்பும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. என் மனைவி சரோஜா, சாமி அறையில் இருந்ததையெல்லாம் மஞ்சள் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டார். நான் விரதக் களைப்பில் அப்படியே வண்டி ஏறிவிட்டேன்.

பத்துமலை ஆற்றங்கரை. பால்குடத்தை என் தலையில் ஏற்றிவிட்டார்கள். கற்பூரம் எடுக்கப் பைக்குள் கைவிட்ட சரோஜா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க... இது எப்படி இங்க வந்திச்சு?"

தைப்பூசம் என்றால் பௌர்ணமி. பௌர்ணமி என்றால் கடல் பொங்கும். அன்று காலை ஏழு மணிக்கு உச்ச ஏற்றம். அப்போது மணி ஆறு.

கதவுக்குப் பக்கத்தில் இருப்பது அங்கிள் வோங் வீடு. சங்கச் செயலாளர் அவர்தான். சீனர், ஆனால் தமிழர்கள் நிறைந்த எஸ்டேட்டில் பிறந்தவர், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். அவர் மனைவிக்குப் பக்கவாதம், கீழ் அறையில் படுக்கை. தண்ணீர் வந்தால் முதலில் அந்தக் கட்டிலுக்குத்தான் வரும். சரோஜா போனை என் காதில் வைத்தார்.

"அங்கிள், கைப்பிடி எங்கிட்ட இருக்கு."

"பாக் மாட் இங்க நின்னு அதைத்தான் தேடறாரு. எங்க இருக்க நீ?"

"பத்துமலையில. இப்பவே கிளம்பறேன்."

"பால்குடம் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"தலையில இருக்கு அங்கிள்."

"அப்ப போய் சாமிக்கு ஊத்து லா. நீ வந்து சேர்றதுக்குள்ள கடல் வந்துரும். நாங்க பாக்கறோம்."

அவர் வீட்டில் அந்த நிலைமை... என்னிடம் இப்படிச் சொல்கிறார். நான் படி ஏறினேன். என்ன வேண்டியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? எனக்காக வைத்த வேண்டுதல் நினைவிலேயே இல்லை. அந்தக் கட்டில் நனையக்கூடாது, அவ்வளவுதான்.

அங்கே நடந்ததைப் பிறகு எல்லோரும் சொல்லித்தான் தெரியும். பாக் மாட் தன் வேனிலிருந்து பெரிய பைப் ரெஞ்சை எடுத்து வந்து, கைப்பிடி மாட்டும் தண்டைக் கவ்விப் பிடித்திருக்கிறார். கால்வாசி திருப்பு, எடுத்து மாட்டு, மறுபடி கால்வாசி திருப்பு. கதவு விரல் அளவு விரல் அளவாகத்தான் இறங்கியது. தண்ணீர் அதற்குள் லோங்காங் நிரம்பி ரோட்டுக்கு வந்துவிட்டது. ஜாகா வீடு வீடாக மணி அடித்தார். பெண்கள் காலி அரிசிப் பைகளோடு ஓடி, விளையாட்டுத் திடல் மணலை அள்ளி, வோங் வீட்டு வாசலில் அடுக்கினார்கள். நான்கு பேர் வோங் ஆன்டியைக் கட்டிலோடு தூக்கத் தயாராக நின்றார்கள். தூக்க வேண்டிவரவில்லை. தண்ணீர் இரண்டாவது படியில் நின்றது. கதவு மூடிவிட்டது.

இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சங்கக் கூட்டத்தில் தெருவிளக்குக்காகச் சண்டை போடும் அதே ஆட்கள்தானே இவர்கள்?

மத்தியானம் கைப்பிடியோடு போய் நின்றேன். பாக் மாட் வோங் வீட்டுத் தாழ்வாரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தது. கைப்பிடியை அவர் முன் நீட்டினேன்.

"தாக் அப்பா லா," என்றார். பரவாயில்லை என்று.

அங்கிள் வோங் கைப்பிடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சந்தனம் காய்ந்திருந்தது. "பத்துமலை போயிட்டு வந்திருக்கு. இனிமே துருப் பிடிக்காது," என்றார். உள்ளேயிருந்து ஆன்டி சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முருகன் என்னைக் கைவிடவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் பாக் மாட் கையில் வந்த கொப்புளத்தை இன்னொருவர் பேரில் எழுதினால் அந்த முருகனே ஒப்புக்கொள்வானா?

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பாக் மாட், பைப் ரெஞ்சு, அரிசிப் பையில் மணல் — மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

என் மறதியையும்தான்.