மழுக்கிய விளிம்பு

அன்று காலை பனிச்சரிவில் மூன்று பேர் இருந்தோம். டவுன்ஹில் எனும் பனிச்சறுக்கு வேகப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற அந்தப் பெண்மணி, அவருடைய பயிற்சியாளர், ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கும் நான். இருக்க வேண்டிய ஒருவர் இல்லை. பத்து வருடமாக அந்தப் பெண்மணியின் ஸ்கீக்களைத் தீட்டி, மெழுகு போட்டு, தோளில் சுமந்து வந்த உதவியாளர், மனைவிக்குப் பிரசவம் என்று ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் வந்திருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

துபாயில் ஒரு மாலுக்குள் பனிமலை இருக்கிறது என்றால் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை.

“ஐஸ் கம்பெனியாப்பா?” என்று அப்பா போனில் கேட்டார்.

“இல்லப்பா. பனி மேல சறுக்கி விளையாடுவாங்க. அதுக்கு உண்டான பலகைய நான் ரெடி பண்ணித் தருவேன்.”

“இதுக்கா பாலிடெக்னிக் படிச்ச?”

கேலியில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கு உண்மையாகவே தெரியாது.

துபாயின் தேரா பகுதியில் ஒரு அறையில் ஆறு பேர். மற்றவர்கள் எழுவதற்கு முன்பே மெட்ரோ ஏறிவிடுவேன். வெளியே நாற்பத்தைந்து டிகிரி, உள்ளே மைனஸ் இரண்டு. பட்டறை அறையில் பெரும்பாலும் நான் மட்டும்தான். ஒரு நாளில் வாய் திறந்து பேசுவது ஷூ சைஸ் என்ன, எடை எவ்வளவு, அடுத்தவர் வாங்க, அவ்வளவுதான். அதுவும் ஆங்கிலத்தில்.

ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பெண்மணி வந்தார். முந்தைய குளிர்காலத்தில் பந்தயத்தில் விழுந்து முழங்கால் தசைநார் அறுந்து, அறுவை முடிந்து வந்திருந்தார். அவருடையது வேகப் பந்தயம். நெளிந்து நெளிந்து இறங்குவதல்ல, மலை உச்சியிலிருந்து கார் ஓடும் வேகத்தில் கீழே பாய்வது. எங்கள் சரிவு அதற்குப் போதாது. ஆனால் கிளம்பும்போது உந்திப் பாய்வதையும் முதல் சில திருப்பங்களையும் பழகலாம். பயிற்சியாளர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கிளம்பும் இடத்திலிருந்து ஆறாவது கொடிக்கம்பம் வரை பத்து விநாடிக்குள் வந்தால் இந்தக் குளிர்காலம் வேகப் பந்தய அணியில் இடம். வராவிட்டால் இல்லை. முப்பத்து நான்கு வயதில் இன்னொரு குளிர்காலம் போனால் அதோடு முடிந்தது.

சோதனைக்கு முந்தைய நாள் மதியம் அவர் தன் ஸ்கீக்களை என்னிடம் கொடுத்தார். “ஈரம் துடைத்து உலர வை. வேறு எதுவும் வேண்டாம்.” பிறகு போகாமல் நின்றார். “உங்கள் ஊரில் பனி உண்டா?”

“எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் வந்ததே நான் பன்னிரண்டாவது படிக்கும்போதுதான், மேடம்.”

சிரித்தார். இரண்டு வாரத்தில் வேலையிடத்தில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

வாடகை ஸ்கீக்களின் இரும்பு விளிம்பை முன்னும் பின்னும் ஒரு சாண் நீளத்துக்கு நாங்கள் கல்லால் மழுக்கிவிடுவோம். கூராக இருந்தால் கற்றுக்கொள்பவரின் கால் பனியில் மாட்டி, குப்புற விழுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு ஜோடியை மழுக்க மறந்துவிட்டேன். ஒரு சிறுமிக்குக் கை உடைந்தது. அதன்பின் மழுக்காமல் எதுவும் என் கையை விட்டுப் போனதில்லை. அவருடைய ஸ்கீயைத் துடைக்கும்போது விளிம்பு என் விரலைக் கீறியது. எனக்கு அந்த முழங்கால்தான் ஞாபகம் வந்தது. கல்லை எடுத்தேன்.

சாயங்காலம் அறையில், உடன் தங்கியிருந்த டாக்ஸி ஓட்டும் அண்ணனிடம் அந்தப் பெண்மணியின் பழைய பந்தய வீடியோவைக் காட்டினேன்.

“இந்த ஸ்பீடுக்கு இங்க கேமரா புடிச்சு ஃபைன் போட்ருவான்டா.”

“நாளைக்கு அவங்க போறது நான் தொடச்சு வச்ச ஸ்கீலதாண்ணே.”

“அப்ப ஜெயிச்சா உன் பேரச் சொல்லச் சொல்லுடா. நம்ம ரூம்லேர்ந்து ஒருத்தன் பேராச்சும் டிவில வரட்டும்.”

மறுநாள் காலை, மால் திறக்குமுன், முதல் ஓட்டம். மூன்றாவது கம்பத்தில் அவருடைய வலது ஸ்கீ பிடிமானம் இல்லாமல் வழுக்கியது. விழவில்லை, பாதை தவறினார். கீழே வந்து கையுறையைக் கழற்றி, விளிம்பில் நகத்தைத் தேய்த்துப் பார்த்தார். கூரான விளிம்பு நகத்தைச் சீவ வேண்டும். சீவவில்லை.

“இதைத் தொட்டது யார்?”

“நான்தான், மேடம். உங்கள் காலுக்கு நல்லது என்று நினைத்தேன்.”

ஸ்கீக்களைக் கழற்றித் தோளில் வைத்தார். “அரம் இருக்கிறதா?”

பொதுமக்களை உள்ளே விட நாற்பது நிமிடம் இருந்தது. மதியம் பயிற்சியாளருக்கு விமானம். பட்டறையில் அந்தப் பெண்மணி ஸ்கீயைப் பிடித்துக்கொள்ள, நான் அரத்தை இழுத்தேன். கோணம் தவறும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினார். என்னிடம் இருந்தது வாடகை ஸ்கீக்கான அரம். ஓரளவு கூர் வந்தது, முழுதாக வரவில்லை.

பயிற்சியாளர் கதவருகே வந்து, “என்ன ஆயிற்று?” என்றார்.

“மெழுகு சரியில்லை,” என்றார் அவர்.

பயிற்சியாளர் போனபின், “உண்மையைச் சொன்னால் இன்னொரு நாள் தருவார், மேடம்” என்றேன்.

“சொன்னால் உன் மேலாளருக்கும் தெரியும். மேலே ஏறுமுன் நகத்தால் பார்ப்பது என் வேலை. பத்து வருடமாக என் உதவியாளன் பார்ப்பான் என்று விட்டுவிட்டேன்.”

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. வேலையை நினைத்தேன், அப்பாவை நினைத்தேன், அரத்தைத் துடைத்து வைத்தேன்.

இரண்டாவது ஓட்டத்துக்குத்தான் நேரம் இருந்தது. அவர் வழுக்காமல் இறங்கினார். பயிற்சியாளர் லேப்டாப்பைத் திருப்பி, பதிவான நேரத்தை எங்களுக்குக் காட்டினார். அந்தப் பெண்மணி தலையாட்டினார், என்னிடம் வந்து வெறும் கையால் கை குலுக்கினார், போய்விட்டார். பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. ஷூ சைஸ் கேட்டேன்.

டிசம்பரில் ஒரு விடுமுறை நாள், போனில் வேகப் பந்தயம் பார்த்தேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசிவரை அவர் வரவில்லை.

“என்னடா, அந்தம்மா வல்லியா?” என்றார் அண்ணன்.

“வல்லண்ணே.”

நடந்ததை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. மேலாளருக்கு இன்றுவரை தெரியாது. என் வேலை அப்படியே இருக்கிறது. லேப்டாப் திரையில் அன்று பார்த்த எண் மட்டும் போகவில்லை. பத்து விநாடிக்கு மேல், எங்கள் இருவர் தவறையும் சேர்த்து, ஒரு விநாடியில் நூறில் பதினொரு பங்கு.