மயில்கழுத்து நிற ஆறு

லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னால் அந்தத் தெருவில் யாருக்கும் அவரைத் தெரியாது. ‘கேசட்’ என்றால்தான் தெரியும். கேசட்டிலிருந்து விளையாட்டு ஏற்றும் பழைய கம்ப்யூட்டரை இன்னமும் ஓட்டுகிற மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? சோபா இருக்க வேண்டிய இடத்தில் மேசை. மேசைமேல் கேசட் மெஷின், ஃப்ளாப்பி மெஷின், தொப்பை தள்ளிய பழைய டிவி. வந்தவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஒரே விளையாட்டு எந்த மெஷினில் எப்படி இருக்கிறது என்று ஆடிப் பார்த்துப் பட்டியல் போடுவார். இதில் குதிரைக்கு வால் ஆடுகிறதா, அதில் பாட்டு உண்டா, வெறும் கீச்சுச் சத்தமா. சோறு போடாத வேலைதான். ஆனால் அதில் ஒரு புள்ளி தப்பினால் மனுஷனுக்குத் தூக்கம் போய்விடும்.

இப்படிப்பட்டவருக்குப் பிறவியிலேயே நிறம் சரியாகத் தெரியாது என்பதுதான் கூத்து. சிவப்பும் பச்சையும் குழம்பும். நீலப்பச்சை வெறும் சாம்பல். லிஃப்ட் வயர்களுக்கு நம்பர் சீட்டு ஒட்டி ஒப்பேற்றினார். விளையாட்டுக்கு மனைவி இருந்தாள். அவள் தையல்காரி, துணிக்கு நூல் பொருத்திப் பொருத்தி நிறமெல்லாம் அத்துப்படி. அவர் ஆட, பக்கத்து நாற்காலியில் பட்டன் தைத்துக்கொண்டே சொல்வாள்: “கரை கிளிப்பச்சை. படகு அரக்கு. ஆறு மயில்கழுத்து.” அவர் அப்படியே பதிந்துகொள்வார். அதிகம் பேசிக்கொள்ளாத அந்த இருவரும் சேர்ந்து உட்கார்வது அங்கே மட்டும்தான்.

அது பல வருஷத்துக்கு முன்னால் கேசட்டில் பார்த்துச் சொன்னது. போன வருஷம் அதே படகு விளையாட்டு ஃப்ளாப்பியில் கிடைத்தது. “ஆறு பாசிப்பச்சை” என்றாள். அடேயப்பா! நிறம் மாற்றிய தனிப் பதிப்பு என்று சேகரிப்பாளர் குழுவில் உடனே அறிவித்துவிட்டார். ‘மீசை’ என்கிற இன்னொரு சேகரிப்பாளர் இரண்டும் ஒன்றுதான் என்று போட்டோ போட்டு மல்லுக்கு நின்றார். போட்டோவில் நிறம் மாறும் என்று அதைத் தள்ளிவிட்டு, “என் வீட்டுக்காரி கண்ணு தப்பாது” என்று எழுதினார் நம்மவர். மீசை அத்தோடு விலகிக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் தையல்காரி நீலச் சட்டைக்குப் பச்சை நூல் போட்டாள். சட்டைக்காரர் கத்திவிட்டுப் போனார். கண் டாக்டரிடம் போனால், இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: “இவ்வளவு நாளா மஞ்சக் கண்ணாடி போட்டுட்டுப் பார்த்த மாதிரிதாம்மா பார்த்திருக்கீங்க.”

அவளுக்கு அங்கேயே அந்தப் பாசிப்பச்சை ஆறு நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும், “அந்தப் படகைப் போடுங்க” என்றாள்.

ஃப்ளாப்பியைப் போட்டார். பார்த்தாள்.

“மயில்கழுத்துங்க. பாசியும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

கேசட்டையும் ஏற்றினார். அதே ஆறு, அதே நிறம்.

“ஊரு முன்னாடி உங்க மானத்த வாங்கிட்டேனே” என்று அழுதாள்.

“விடும்மா” என்றான் மகன். “இனிமே போனே கலரைச் சொல்லிடும். நீ கஷ்டப்படவே வேணாம்.”

நல்லதாகத்தான் சொன்னான், பாவி. அவள் பட்டன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். தன் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடி யாரும் தன்னை அங்கே கூப்பிடப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அவர் சமாதானம் சொல்லப் போகவில்லை. அந்தப் பழக்கமே அவருக்குக் கிடையாது. குழுவில் எழுதினார்: “படகு விளையாட்டு, ஃப்ளாப்பி. தனிப் பதிப்பு இல்லை. மீசை சொன்னதே சரி.”

மீசை விடுவாரா? “கண்ணு தப்பாதுன்னீங்களே!” என்று உடனே வந்தார்.

பதிலை அடித்துக்கொண்டே அவர் சத்தமாகப் படித்தார், உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி: “தப்பினது என் கண்ணுதான். ஆபரேஷன் ஆயிடுச்சு. பழசையெல்லாம் மறுபடி பார்க்கப்போறேன்.”

உள்ளே பட்டன் டப்பாச் சத்தம் நின்றது. அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

“அதான் போன் சொல்லுமாமே?”

“அதுக்கு மயில்கழுத்துன்னா என்னன்னு தெரியுமா?” என்றபடி நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டார். “உட்காரு. கரை என்ன கலரு?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்தாள்.

“கிளிப்பச்சை.”