ஆட்டினால் ஓடும் மணிக்கூடு

கனடாவில் இருக்கும் மச்சான் வந்து நின்றுவிட்டுத் திரும்பும்போது, தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். "இதுக்குப் பற்றரி இல்லை" என்றார். பற்றரி தீர்ந்ததைத்தான் என் தலையில் கட்டுகிறாரோ என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அதுவரை நான் கட்டியவை இரண்டு சாதி. அப்பாவுடையதைக் காலையில் குமிழைத் திருகி முறுக்க வேண்டும். உள்ளே சுருண்டிருக்கும் வில் மெல்ல மெல்ல அவிழும். அந்த விசையில் பற்சக்கரங்கள் சுற்றும். மறந்தால் மறுநாள் நின்றுவிடும். மற்றது கிளிநொச்சியில் வாங்கியது. பற்றரியின் மின்சாரத்தில் ஒரு பளிங்குத் துண்டு ஓயாமல் அதிர, அந்த அதிர்வுக் கணக்கில் நொடிமுள் டக் டக்கென்று துள்ளும். கட்டியிருக்கும் ஆளைப் பற்றி அதற்கு அக்கறையே இல்லை. ஆள் செத்தாலும் ஓடும்.

மச்சான் தந்தது மூன்றாம் சாதி. அதன் பின்பக்கம் கண்ணாடி. உள்ளே அரைநிலா மாதிரி ஒரு தகடு தெரியும். கை ஆடினால் தகடு சுழலும், சுழன்றால் வில் முறுகும். நொடிமுள் துள்ளாது, வழுக்கிக்கொண்டு போகும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும் என்று மச்சான் சொல்லியிருந்தார். என்னிடம் அது ஒருநாளும் நின்றதில்லை. கண்டாவளையில் வயல் செய்கிறவன் நான். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தால் பல்லே ஆடும். தகடு சும்மா இருக்குமா?

மாரிமழையை நம்பி விதைக்கும் காலபோகத்துக்குக் கொஞ்சம் முந்தி எனக்குப் பாரிசவாதம் வந்தது. இடதுபக்கம் விழுந்துவிட்டது. பிறகு கால் இழுத்து இழுத்து வந்தது. வாயும் வந்தது; அது வராமலே இருந்திருக்கலாம் என்று வீட்டில் நினைத்திருக்கக்கூடும். கை மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி தந்த பிள்ளை, "ஐயா, இந்த முதல் மாசங்கள்தான் முக்கியம். மேசையிலை துவாயை விரிச்சு விரலாலை சுருட்டிப் பழகுங்கோ. ஒருநாளும் விடக்கூடாது" என்று சொல்லி அனுப்பினா.

வீட்டுக்கு வந்தால் மணிக்கூடு நின்றிருந்தது. அதை மனைவியைக் கொண்டு இடதுகையிலேயே கட்டுவித்தேன். இது ஓடினால் கை வந்துவிட்டது என்று கணக்கு. டாக்டர்மாருக்குத் தோன்றாத பரிசோதனை! துவாயைச் சுருட்டப் பார்ப்பேன், முள்ளைப் பார்ப்பேன். அது அசையாது. சோறு ஆறிப்போகும்.

ஒரு பின்னேரம் நித்திரையால் எழும்பிப் பார்த்தால் முள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

"இஞ்சேர், கை வந்திட்டுதடி!"

"அம்மன் கண் திறந்திட்டா" என்றாள் மனைவி குசினிக்குள்ளிருந்து.

அடுத்தநாளும் ஓடியது. அதற்கடுத்தநாளும். விரல்கள் பழையபடி கட்டைபோலத்தான் கிடந்தன. அதனாலென்ன, உள்ளுக்குள் வேலை நடக்கிறது என்று நானே விளக்கம் சொன்னேன். துவாய் கொடிக்குப் போனது.

தம்பி வந்தான். "அண்ணை, இந்தமுறை நான் உழுது விதைச்சு விடுறன். நீங்கள் வரம்பிலை கதிரை போட்டு இருந்து என்னை ஏசுங்கோ."

"போடா, என்ரை வயலை நானே உழுவன். நம்பாட்டி மணிக்கூட்டைக் கேள்."

மழைக்கு முதல் இன்னொருக்கா வந்தான். "மழை இறுகினால் பிறகு விதைக்க ஏலாது அண்ணை." அவனை அனுப்பிவிட்டேன். மழை இறுகியது. சுற்றிவர எல்லார் வயலும் பச்சைபிடிக்க, என்னுடையதில் கோரையும் ஆருடையவோ மாடுகளும்.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் நித்திரை சரியாக வரவில்லை. யன்னலால் பார்த்தேன். மனைவி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மெலிந்த கையில் நிற்காமல், முழங்கை வரைக்கும் ஏற்றிவிடப்பட்டு, என் மணிக்கூடு. கூட்டி முடித்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளினாள். வாளி ஏற ஏற அதுவும் ஏறி இறங்கியது.

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவள் வந்து என் கையில் மெல்லக் கட்டியபோது, "நல்லா ஓடுதே?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது.

"நிண்ட மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நீங்கள் சாப்பிடாமல் இருந்தியள். ஒருநாளைக்கெண்டுதான் செய்தனான். அடுத்தநாள் எப்பிடி நிப்பாட்டுறது?" என்றாள். பிறகு, "நீங்கள் வயலையும் விடுவியள், துவாயையும் விடுவியள் எண்டு எனக்குத் தெரியாது" என்று அழுதாள்.

"ஆம்பிளையின்ரை மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு அழாதை, ஊர் சிரிக்கும்" என்றேன். மணிக்கூடு என் கையில்தான் இருந்தது. பகிடியும் சரியாக வரவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் கை வந்ததா இல்லையா என்று கையைக் கேட்காமல் மணிக்கூட்டைக் கேட்டவன் நான். விதைப்பும் போனது, அந்தப் பிள்ளை சொன்ன முதல் மாதங்களும் போயின.

இப்போது காலையும் மாலையும் மேசையில் துவாயை விரிக்கிறாள். என் விரல்களை அதன்மேல் வைத்துவிட்டு எதிரே குந்தியிருந்து பார்க்கிறாள். நான் மூச்சைப் பிடித்து இழுக்கிறேன். நேற்று திடீரென்று, "இஞ்சருங்கோ, சின்னவிரல் அசைஞ்சது" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உண்மையாவோ?"

"உண்மையா."

விரலை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கும் ஒன்றும் பிடிபடவில்லை.