பபூன் வீரணன் விழுங்கிய மாத்திரை

மாத்திரையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் ஒரு சுற்றுக் காட்டுவார் வீரணன். அண்ணாந்து வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். அது இறங்குகிற பாதையைத் தொண்டையிலிருந்து விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்து, வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"எறங்கிருச்சு! நடுவுல எங்கயும் நிக்கல, நேரா போடி பஸ் ஸ்டாண்டுதான்!"

அரிசி வாங்குவதற்காக ஏலக்காய் ஸ்டோர் வாசலில் கூடியிருக்கிற தோட்டத்து ஆட்கள் சிரிப்பார்கள். அதன் பிறகுதான் அவர்களுக்கு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இது நடக்கும்.

குரங்கணிக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் சர்க்கார் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறது. மழை பிடித்தால் ஏலக்காட்டில் மலைக்காய்ச்சலும் கூடவே பிடித்துக்கொள்ளும். மூன்று கம்பளி போர்த்தினாலும் உடம்பு தூக்கிப் போடும். வந்தபின் வைத்தியம் பார்ப்பதற்குப் பதிலாக, வாரம் ஒரு மாத்திரை கொடுத்து வராமலே தடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர்; மேல் லயத்துக் குடும்பங்களுக்கு வாராவாரம் மாத்திரை. கீழ் லயத்துக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் மருந்து. பலன் தெரிந்தால் அடுத்த வருஷம் மலை முழுக்கச் சர்க்கார் செலவிலேயே கொடுப்பார்கள். இதற்கென்று போடியில் ஓர் ஆபீஸ், ஒரு ஜீப்பு, டாக்டர் சத்தியநேசன். தங்கமான மனிதர், சிரிப்பை மட்டும் எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்தவர்.

மாத்திரை கொடுக்க முதலில் வந்த கம்பவுண்டருக்கு இந்த மலை ஒத்துவரவில்லை. ஆட்கள் மாத்திரையை நாக்குக்கு அடியிலும் வெற்றிலை அடக்குகிற கன்னத்திலும் ஒதுக்கிக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் துப்பினார்கள். "வாயைத் திற" என்று அதட்டினால், திறந்த வாய்க்குள் நாக்கு மலைப்பாம்பு மாதிரி சுருண்டு படுத்திருக்கும். அந்த நேரத்தில்தான் டாக்டருக்கு வீரணன் கிடைத்தார். இருபது வருஷம் நாடக மேடையில் பபூன் வேஷம் கட்டியவர். தேவாரம் முதல் கம்பம் வரை அவர் வந்து நின்றாலே கொட்டகை சிரிக்கும். சினிமா வந்து நாடகக்காரர்களின் அடுப்பில் பூனை படுத்துக்கொள்ள, சர்க்கார் வேலை கிடைக்குமா என்று ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

"சிரிக்கிற வாயில எதையும் ஒளிக்க முடியாதுங்கய்யா. நான் சிரிக்க வைக்கிறேன், நீங்க மாத்திரையக் குடுங்க" என்று அவர் சொன்ன யோசனை டாக்டருக்குப் பிடித்துப்போயிற்று. சர்க்கார் சீல் குத்திய டார்ச் லைட் ஒன்று அவர் கைக்கு வந்தது.

அது முதல் வீரணன் ராஜ்யம்தான். டார்ச்சை அடித்து ஒருவன் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார். "ஏப்பா மாப்ளே, உள்ள ரெண்டு பல்லு சோலிக்கு வரலையே, லீவு கேட்டுச்சா?" அடுத்தவனிடம், "அடேயப்பா! இதுக்குள்ள போடி – தேவாரம் பஸ்சே திரும்பலாம் போல இருக்கே!" ஆண்கள் வாயைப் பிளந்து சிரிப்பார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். பெண்டுகள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று வீரணனும் அந்தப் பக்கம் டார்ச்சைத் திருப்பமாட்டார். அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லையே.

அவருக்கு ஒரு ரகசியம் உண்டு. கசப்பு ஆகாது. பாகற்காய் விற்கிறவள் தெருவில் வந்தால் வீட்டுக்குள் போய்விடுகிற ஜாதி. மலையில் தங்குகிற சர்க்கார் ஆட்களும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. முதல் வாரம் நாக்கில் பட்ட கசப்பு மூன்று வேளைச் சோற்றைக் கெடுத்துவிட்டது. மேடையில் அவர் செய்துகாட்டிய வித்தைகளில் ஒன்று, வெள்ளி ரூபாயை விழுங்கி முழங்காலிலிருந்து எடுப்பது. ரூபாய் வாய்க்குப் போகாமல் உள்ளங்கையிலேயே தங்கிவிடும். ரூபாய்க்குச் செய்ததை மாத்திரைக்கும் செய்தால் போயிற்று. கோடு போட்டுக் காட்டிய மாத்திரை மடிக்குள் போய், இறங்குகிற வழியில் ஓடைத் தண்ணீரில் விழும். "ராத்திரி பூரா பனியில நின்னு கூத்தாடுன ஒடம்பு. நம்மகிட்ட எந்தக் காய்ச்சலும் வராது" என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வார்.

எல்லோரையும் சிரிக்க வைத்தவருக்கு ஒரே ஒரு ஆள் மட்டும் மசியவில்லை. மேல் லயத்து ஆயம்மாள். காய் பறிக்கிற பெண்களுக்கு அவள் வைத்ததுதான் சட்டம். வீரணன் குட்டிக்கரணம் போட்டால்கூட உதடு பிரியாது. முகத்தையும் பார்க்கமாட்டாள். எங்கேயோ கீழே பார்த்தபடி நிற்பாள். மாத்திரையை வாங்கி, வாயைத் துடைப்பதுபோல் முந்தானையை ஒரு தரம் ஒற்றிக்கொண்டு போய்விடுவாள். போடிக்கு இறங்கும்போதெல்லாம் அந்த மூஞ்சி அவரை உறுத்தும். பபூனுக்கு அதைவிடத் தோல்வி வேறு என்ன இருக்கிறது?

ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் வந்தது. கீழ் லயத்தில் வந்தது, சரி. மாத்திரை சாப்பிடுகிற மேல் லயத்திலும் வந்தது. அதிலும் வேடிக்கை, ஆண்களுக்கு வரவில்லை; பெண்களும் பிள்ளைகளுமாகவே படுத்தார்கள். டாக்டர் சத்தியநேசன் தலையைப் பிடித்துக்கொண்டார். பெண்கள், பிள்ளைகளின் ரத்தத்தில் இந்த மருந்து தங்குவதில்லையோ என்று தடித் தடியாகப் புத்தகங்களைப் புரட்டினார்.

"வேற காரணம் தெரியல, வீரணன். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த மருந்து பலிக்கலைன்னு மாசக் கடைசியில மேல எழுதிர வேண்டியதுதான். பலிக்காத மருந்துக்குச் சர்க்கார் பணம் தராது. ஆண்களுக்கு மட்டும் கொடுப்பாங்க."

என்ன தப்பு எங்கே நடந்தது என்று வீரணனுக்கும் நிஜமாகவே விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மலையேறி வந்தவர் ஸ்டோர் அறையில் சாய்ந்தார். குளிர் முதுகுத்தண்டில் பிடித்து உலுக்கியது. விடிகாலையில் கஞ்சிச் சட்டியோடு வந்து நின்றவள் ஆயம்மாள்.

"என்னண்ணே, ஒங்களுக்குமா?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. மலைக்காத்து ஒத்துக்கல."

"மலைக்காத்துக்குப் பல்லு இப்பிடித் தாளம் போடாது. எங்க லயத்துக்கு வர்ற அதே விருந்தாளிதான். வாராவாரம் முழுங்குற ஆளுக்கு எப்பிடிண்ணே வந்துச்சு?"

வீரணன் கம்பளியை முகம் வரை இழுத்துக்கொண்டார். ஆயம்மாள் கஞ்சியை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"ராசிங்காபுரத்து நாடகத்துல ஒங்களப் பாத்திருக்கேன். ரூவாய முழுங்கி முழங்கால்ல எடுத்தீங்க. அம்புட்டுப் பேரும் ஒங்க மூஞ்சியப் பாத்தாய்ங்க. நான் கையப் பாத்தேன். இங்கயும் கையத்தான் பாக்குறேன்."

வீரணன் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார்.

"குடுக்குற மனுசனே முழுங்கல. அப்ப இதுல என்னமோ சூது இருக்குன்னு நெனச்சோம். பிள்ள தங்காது, ரத்தம் சுண்டிரும்னு ஆளுக்கு ஒண்ணு பேசுனோம். பொம்பளைக அம்புட்டுப் பேரும் சிரிக்கிற சாக்குல முந்தானையில துப்பி, பிள்ளைகளுக்குக் குடுத்ததையும் வாங்கி, அடுப்புச் சாம்பல்ல போட்டுட்டு இருக்கோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, ஆத்தா?"

"கேட்டா நாலு பேரு காதுல விழும். டாக்டரு காதுக்கும் போகும். ஒங்க சோலி போயிரும். வாரத்துல ஒருநா இந்தச் சனம் சிரிக்குது, அதுவும் போயிரும்."

வீரணன் அழுதுவிட்டார். நடிப்பில்லை. டாக்டர் எழுதப்போவதைச் சொன்னார். எழுதிவிட்டால் இந்த மலையில் எந்தப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் மாத்திரை வராது என்றார். ஆயம்மாள் முகம் மாறியது. அவளுடைய மகள் அன்னக்கொடி அந்த மழைக்குள் இரண்டு தரம் காய்ச்சலில் விழுந்து, ஈர்க்குச்சியாக எழுந்திருந்தாள்.

"அப்ப மாத்திரையில சூது ஒண்ணும் இல்லையா?"

"கசப்பு ஆத்தா. வெறும் கசப்பு. அதுக்குப் பயந்துதான்... நீயா இருந்தாலும் ஒன் மகளா இருந்தாலும், முழுங்குனா காய்ச்சல் வராது. ஆம்பளைகளப் பாரு."

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெயில் ஏறியதும் ஸ்டோர் வாசலில் வரிசை நின்றது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தூணைப் பிடித்தபடி வீரணன் வந்தார். வரிசையில் முதல் ஆள் ஆயம்மாள். நேராக வந்து அவர் சட்டைப் பையிலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டாள்.

"மொதல்ல நீங்க. கை ரெண்டையும் பின்னால கட்டுங்க."

கட்டினார். மாத்திரையை அவளே அவர் நாக்கில் வைத்துத் தண்ணீரை ஊற்றினாள். "நாக்கத் தூக்குங்க. அந்தப் பக்கம். இந்தப் பக்கம்." சர்க்கார் வெளிச்சம் பபூன் வாயின் மூலை முடுக்கெல்லாம் போய் வந்தது. ஒன்றும் இல்லை. பின்னால் திரும்பி, "முழுங்கிட்டாரு" என்று பெண்களுக்குச் சொல்லிவிட்டு, டார்ச்சை அவரிடம் கொடுத்துத் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

அப்போதுதான் வீரணனுக்குக் கசப்பு ஏறியது. ஒரு கண் மூடிக்கொண்டது, மறு கண் பிதுங்கியது. மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் கோணிக்கொண்டு போயின. இருபது வருஷ மேடையில் ஒரு நாளும் வராத கோணல் அது. ஆயம்மாள் பார்த்தாள். உதடு துடித்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையைத் தேடக்கூட மறந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அடிநாக்கு தெரிய மலையே அதிரும்படி சிரித்தாள்.

கண்ணில் நீர் வழிய, வீரணன் டார்ச்சைத் தூக்கி அந்த வாய்க்குள் அடித்துப் பார்த்தார். மாத்திரை எங்கேயும் இல்லை.