ஐந்து அங்குலம் குறைந்த வளையம்

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, புது சீசன் தொடங்குவதற்கு முந்தின வாரம், எங்கள் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நின்ற வாக்கிலேயே விஷயத்தை முடித்துவிட்டார்.

"இந்த தடவை லீக்ல முதல் நாலு இடத்துக்குள்ள வரணும். வரலன்னா அடுத்த வருஷம் பெண்கள் டீம் கிடையாதும்மா. கோர்ட்டை பைக் ஸ்டாண்டாக்கிடலாம்னு கமிட்டியில சொல்லிக்கினு இருக்காங்க."

"சரிங்க சார்" என்று பவ்வியமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து வராந்தாத் தூணை ஓங்கி ஓர் உதை விட்டேன். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் கால் வீங்கியிருந்தது. கோபத்தில் நான் செய்த காரியங்களை எழுதினால் தனிப் புத்தகமே வரும்.

கூடைப்பந்து அணிக்கு நான் கேப்டன். திண்டிவனத்தில் ஒரு கலைக் கல்லூரி, அதில் ஒன்பது பெண்கள், மூன்று பந்து. அவ்வளவுதான் அணி. நான் கிளியனூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் கழனி வேலை செய்கிறவர்கள். கல்லூரிக்கு வரும்வரை இந்தப் பந்தைக் கையால் தொட்டதில்லை. அணியில் சேர்ந்தால் ஷூ கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தேன். ஷூ ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் ஆட்டம் பிடித்துப் போயிருந்தது. பைக் ஸ்டாண்ட் என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் எவ்வளவு பிடித்துப் போயிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

லீக்கில் ஆறு அணிகள். நர்சிங் கல்லூரிப் பெண்கள் கொண்டையில் வலை போட்டுக்கொண்டு வருவார்கள். நம்மை இடித்துத் தள்ளிவிட்டு, அவர்களே ஓடிவந்து முட்டிக்கு பிளாஸ்திரியும் ஒட்டிவிடுவார்கள். பி.எட். கல்லூரி அணியில் பாதிப் பேர் கல்யாணமானவர்கள். ஒரு அக்கா கைக்குழந்தையை மாற்று ஆட்டக்காரியிடம் கொடுத்துவிட்டு உள்ளே இறங்குவார், குழந்தை அழுதால் டைம் அவுட் கேட்பார். பொறியியல் கல்லூரி அணிக்கு ஆளுக்கு இரண்டு ஜெர்சி இருந்தது, அந்தப் பொறாமை எங்களுக்கு நிறையவே உண்டு. காணைப் பக்கத்துக் கல்லூரிப் பெண்கள் கரும்பு வெட்டும் வீடுகளிலிருந்து வந்தவர்கள், களைப்பு என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். கடைசியாக விழுப்புரம் மகளிர் கல்லூரி. அவர்கள் போன சீசனில் இரண்டாமிடம். நாங்கள் போன சீசனில் ஆறாவது. அதற்கு முந்தின சீசனிலும் ஆறாவது.

முந்தின வருஷங்களில் எல்லா ஆட்டமும் விழுப்புரத்தில் ஒரே மைதானத்தில் நடந்தது. புது சீசனில் புது ஏற்பாடு. ஒவ்வொரு கல்லூரியும் சில ஆட்டங்களைத் தன் கோர்ட்டிலேயே ஆடலாம். எங்களுக்கு ஐந்தில் மூன்று ஆட்டம் எங்கள் ஊரில் அமைந்தது.

முதல் ஆட்டம் எங்கள் கோர்ட்டில், நர்சிங் அணியோடு. ஜெயித்தோம். நாங்கள் ஜெயித்ததை நாங்களே நம்பவில்லை. அவர்கள் எறிந்த பந்தெல்லாம் பலகையில் பலமாக மோதித் திரும்பி வந்தது. அடுத்தது பொறியியல் கல்லூரியில். படுதோல்வி. மூன்றாவது மறுபடி எங்கள் கோர்ட், பி.எட். அணியை ஜெயித்தோம். நான்காவது காணைப் பக்கம். எங்கள் பந்து ஒவ்வொன்றும் வளையத்தின் முன் விளிம்பில் முட்டிக் கீழே விழுந்தது. மறுபடி தோல்வி.

காரணம் சொல்வதில் எங்கள் அணியை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அசதி என்றாள் ஒருத்தி. திருஷ்டி என்றாள் இன்னொருத்தி, சொன்னதோடு நிற்காமல் பந்துப் பையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டாள். பந்து இரண்டு நாள் மிளகாய் வாடை அடித்தது.

காணையிலிருந்து திரும்பும்போது, வளையத்தடியில் நின்று ஆடுகிற எங்கள் சென்டர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெருமுக்கல்காரி. எங்களில் அவள்தான் உயரம். ஆட்டத்துக்கு முன் ஒரு தரம் எம்பிக் குதித்து வலையின் நுனியைத் தொடுவது அவள் வழக்கம். தொடாமல் ஆடமாட்டாள்.

"எனக்கு இன்னாவோ ஆயிடுச்சுடி" என்றாள். "நம்ம காலேஜ்ல நெட்டு கைக்கு வந்துடுது. இங்க மூணு தபா குதிச்சேன், எட்டவே இல்ல. அன்னிக்கு இன்ஜினியரிங் காலேஜ்லயும் எட்டல."

"பஸ் ஏறினா குள்ளமாயிடுறியா நீ?" என்று கேலி செய்தேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கடலைகூடத் தின்னாமலேயே வந்தாள். பயந்துவிட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை.

மறுநாள் காலை, புதுக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியிடம் டேப் வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம். பெஞ்சின் மேல் பெஞ்சைப் போட்டு அவள் ஏறினாள், நான் கீழே பிடித்தேன். வளையம் பத்தடி உயரம் இருக்க வேண்டும். டேப் ஒன்பதடி ஏழு அங்குலம் காட்டியது. எதிர்ப்பக்க வளையத்தையும் அளந்தோம். அதே ஒன்பதடி ஏழு.

கம்பத்தின் அடியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கம்பத்தைத் தரையோடு பிணைக்கும் இரும்புத் தகடும் போல்ட்டும் வெளியே தெரிய வேண்டும். காணவில்லை, சிமெண்டுக்குள் புதைந்து கிடந்தன. நான் சேர்ந்த புதிதில் ஆண்டு விழாவுக்கு அந்தக் கோர்ட்டில்தான் பந்தல் போட்டார்கள். தரை வெடிப்பு விட்டிருந்தது. விருந்தினர் வருவதற்குள் அழகாக இருக்க வேண்டுமென்று பழைய தரையைக் கொத்தாமலே மேலே ஐந்து அங்குலத்துக்குக் கான்கிரீட் கொட்டி மெழுகி, கோடும் போட்டுவிட்டார்கள். தரை உயர்ந்தது. கம்பம் நின்ற இடத்தில் நின்றது. யாரும் அளக்கவில்லை. நடுவர்கள் வந்தார்கள், பந்தில் காற்று பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், அளக்கவில்லை. நாங்கள் மூன்று வருஷமாக அந்த உயரத்துக்கே கையைப் பழக்கி வைத்திருந்தோம். போன இரண்டு சீசனும் ஏன் ஆறாவது இடம் என்பதற்கு விடை அங்கே தரையிலேயே கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. அழாமல், கான்ட்ராக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கடைசி ஆட்டம் இன்னும் ஐந்து நாளில், எங்கள் கோர்ட்டில், விழுப்புரத்தோடு. ஜெயித்தால் நாலுக்குள். தோற்றால் வெளியே. ஒன்பது பேரும் கம்பத்தடியில் உட்கார்ந்தோம்.

"யாருக்கும் தெரியாதுல்ல? அப்படியே வுட்டுடலாம்" என்றாள் சென்டர். "விழுப்புரத்துக்காரிங்க பந்தெல்லாம் பலகையிலதான் போய் மோதும். நாம ஜெயிச்சுக்கினே போயிடலாம்."

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அன்று முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. நாலுக்குள் வந்தால் அரையிறுதி, அது விழுப்புரத்தில். அங்கே வளையம் பத்தடி. அங்கே போய் உதை வாங்கத்தானா இவ்வளவும்? அதைவிட, ஐந்து அங்குலம் குறைத்து வைத்துக்கொண்டு கேப்டன் என்று நெஞ்சை நிமிர்த்தி நடக்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் சொன்னேன், "ஏத்திடலாம். நாலு நாள் இருக்கு, பழகிக்கலாம்."

"பெரிய ஜட்ஜம்மா இவ" என்று சென்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வெல்டிங் பட்டறை வைத்திருந்த தன் மாமாவை அழைத்து வந்ததும் அவள்தான். அவர் பலகையைக் கழற்றி, சட்டத்தில் ஐந்து அங்குலம் மேலே புதுத் துளை போட்டு, இரண்டு பக்கமும் மாட்டிக் கொடுத்தார். எங்கள் உடற்கல்வி இயக்குநர் தூரத்திலிருந்து பார்த்து, "ஜல்தி முடிங்க, கபடிப் பசங்க வரப்போறாங்க" என்றதோடு சரி.

அந்த நாலு நாள் மாதிரி நான் வாழ்க்கையில் உழைத்ததில்லை. கையால் எறிந்து பழகியதை விட்டு, முட்டியை மடக்கிக் காலிலிருந்து பந்தைத் தூக்கக் கற்றோம். வகுப்புக்கு முன் இருநூறு, வகுப்பு முடிந்து இருநூறு. கடைசிப் பஸ் போய்விடும் என்று ஒருத்தி பையைத் தூக்கினால், அவள் ஊர்க்காரர் யார் பைக்கில் வருகிறார் என்று விசாரித்து ஏற்றிவிடுவேன். என்னைத் திட்டாதவள் பாக்கியில்லை.

விழுப்புரம் அணி வந்தது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. அவர்கள் பந்து ஒவ்வொன்றும் வளையத்தின் முன் விளிம்பில் முட்டி விழுந்தது. காணையில் எங்களுக்கு விழுந்த மாதிரியே. எங்களுடையதும் பாதிதான் உள்ளே போனது, ஆனால் அந்தப் பாதி போதும். மூன்று புள்ளியில் ஜெயித்தோம்.

கை குலுக்கும்போது அவர்கள் கேப்டன் என் கையை விடவில்லை. கண் சிவந்திருந்தது.

"ரிங்கை ஏத்திட்டீங்களா?"

"ஆமா. பத்தடி. வேணும்னா அளந்துக்கோ."

"நர்சிங் காலேஜ்காரிங்க உங்க ரிங்கு தாழ்வா இருக்குன்னு சொன்னாங்க. எங்க பக்கத்துல ஒரு ஸ்கூல்ல தாழ்வான ரிங்கு இருக்கு. நாலு நாளா அங்க போயி அதுலதான் போட்டுக்கினு இருந்தோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் நாலு நாளாய் மேலே பழகியிருக்கிறோம், அவர்கள் அதே நாலு நாளாய்க் கீழே பழகியிருக்கிறார்கள். அவளும் ஒரு நொடி சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டு கேட்டாள்:

"சரி. இந்த மேட்ச் உங்களுது. தாழ்வான ரிங்குல ஜெயிச்ச அந்த ரெண்டு மேட்ச்?"

வளையத்தை ஏற்றியதோடு என் நேர்மை முடிந்துவிட்டதாக நினைத்து, நாலு நாளாய் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். ஏற்றியதை ஒருவரிடமும் சொல்லவில்லை, ஏன் ஏற்றினோம் என்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்த இரண்டு ஆட்டமும் கையை விட்டுப் போகும் என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவள் முகத்துக்கு நேரே நிற்க வெட்கமாக இருந்தது.

அணியைக் கூட்டி, இரண்டு ஆட்டத்தையும் மறுபடி ஆடக் கேட்டு லீக்குக்குக் கடிதம் எழுதலாம் என்றேன். பெரிய சண்டை. ஒருத்தி அழுதாள், ஒருத்தி பந்தை என் மேலேயே எறிந்தாள். கடைசியில் சென்டர் பேனாவை வாங்கிக் கடிதத்தில் முதல் கையெழுத்தைப் போட்டாள். "நம்ம காலேஜ்ல மட்டும் ஜெயிக்கிறவளுங்கன்னு எவளும் சொல்லக் கூடாது" என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். முதல்வர் கடிதத்தைப் படித்துவிட்டு, "யாரும் கேக்காததை நீங்களே போயி ஒத்துக்கிறீங்களே, பேஜாரு புடிச்ச பசங்க" என்றார். அணி இருக்க வேண்டுமானால் நாலாவது இடமாவது வர வேண்டும், அதில் மாற்றமில்லை என்றும் சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். லீக் செயலாளரோ, "புகாரே வரலியே, விடும்மா" என்று மூன்று தரம் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் சம்மதித்தார். இரண்டு ஆட்டமும் அந்தந்த எதிரணியின் கோர்ட்டில், அடுத்தடுத்த நாளில். கணக்குப் பார்த்தால், நாலுக்குள் வர இரண்டில் ஒன்றையாவது ஜெயிக்க வேண்டும்.

நர்சிங் கல்லூரியில் பதினொரு புள்ளியில் தோற்றோம். அவர்கள் வழக்கம்போல் என் முட்டிக்குப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள்.

மறுநாள் பி.எட். கல்லூரி. சுற்றிலும் அவர்கள் ஆட்கள், எங்களுக்கென்று கைதட்ட ஒரு ஆள் கிடையாது. கைக்குழந்தைக்கார அக்கா அன்று பிரமாதமாக ஆடினார். கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கி இருந்தோம். பந்து சென்டரிடம் போனது. அவளை இரண்டு பேர் மறித்தார்கள். அவள் என்னைப் பார்த்து எறிந்தாள். எனக்குப் பிடித்தமான இடம் அது இல்லை, ஓரத்தில், கோட்டை மிதிக்காமல் நிற்கவே சிரமமான இடம். முட்டியை மடக்கினேன். பிளாஸ்திரி பிய்ந்தது. காலிலிருந்து தூக்கினேன். பந்து கையை விட்டதுமே தெரிந்துவிட்டது.

விசில் ஊதியதும் மைதானம் அமைதியாகிவிட்டது. அடுத்தவர் ஊரில் ஜெயித்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. சென்டர் ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன், வெட்கப்படாமல், அந்த அக்காவின் குழந்தை என்னையே வெறித்துப் பார்க்கும் அளவுக்கு. மூன்று வருஷம் ஆடியதில் எங்கள் கோர்ட்டுக்கு வெளியே நாங்கள் ஜெயித்த முதல் ஆட்டம் அதுதான்.