தலையணை வைத்த நகைப்பெட்டி

காசிமேட்டுக் கல்லறைக்குப் போகும் வழியில் அம்புரோஸ் அண்ணனின் சவப்பெட்டிக் கடை இருக்கிறது. நான் அங்கே உப்புத்தாள் தேய்க்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இறால் உரிக்கப் போய், ஐஸில் விரல் எல்லாம் வெடித்துப்போய், இங்கே வந்து சேர்ந்தேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. இந்தக் கடைக்கு அது தோதாக இருந்தது. இங்கே வருகிறவர்கள் யாரும் பேச வருவதில்லை.

எங்கள் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வண்டி கோயிலுக்குப் போகும்போது சவப்பெட்டிக் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். மணப்பெண்ணின் கண்ணில் பெட்டி படக்கூடாது. யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. பேண்டு சத்தம் கேட்டதும் அண்ணன் கையிலிருக்கும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சத்தம் அடங்கியதும் ஷட்டரைத் தூக்கி, "போயிட்டா மகராசி" என்பார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் காபி கொடுத்துவிட்டுத்தான் என்ன தொழில் என்று கேட்பார்களாம். "ஒரு வூட்லயும் காபிய முழுசா குடிச்சதில்ல செங்கொடி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தங்கச்சி பிலோமியை இந்தக் கடையை வைத்துத்தான் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். அவள் இப்போது மாதவரத்தில் இருக்கிறாள். கடை வாசலில் அவள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு போன் செய்வாள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே ஓடுவார்.

அவள் மகள் ஷைனிக்கு எண்ணூரில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை ஒரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணம் ராயபுரத்துப் பழைய கோயிலில்தான் என்று மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதம். வண்டி எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதைச் சொல்ல வந்த அன்றைக்கும் ஆட்டோ முனையில்தான் நின்றது. டீ வாங்கப் போன நான் தூக்குவாளியோடு பக்கத்தில் நின்றேன். பிலோமிக்கு நான் இருப்பது கண்ணில் படவில்லை.

"தாய்மாமன் நீதான் நிச்சயத்துக்குத் தட்டு தூக்கணும். கல்யாணத்தன்னிக்கு கோயில் வாசல்ல அவ கைய புடிச்சு நீதான் வண்டியிலேர்ந்து எறக்கணும். ஆனா ஒண்ணு. எங்கண்ணன் ஃபர்னிச்சர் கடை வச்சிகினு கீறாருன்னு சொல்லி வச்சிகீறேன். கேட்டா நீயும் அதையே சொல்லு."

"அதுல இன்னாமே பொய்யி? மரந்தானே அறுக்கறேன்."

"இன்னாத்துக்கு அறுக்கறேன்னு வாயத் தொறந்துடாத. அவ்ளோதான்."

அண்ணன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். திரும்பி வந்து என்னிடம், "ஷைனி கைய நான் புடிச்சு எறக்கணுமாம்" என்றார். வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அன்றிலிருந்து சாயங்காலமானால் தேங்காயெண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

ஃபர்னிச்சர் கடைக்காரன் தட்டில் பழத்தை மட்டும் வைத்துக்கொண்டு போக முடியுமா? தன் கையாலேயே ஒரு நகைப்பெட்டி செய்வது என்று முடிவு செய்தார். கடையில் கிடந்த பலகை எதையும் அவர் தொடவில்லை. தண்டையார்பேட்டையில் இடித்த வீட்டு மரம் விற்கிற இடத்துக்குப் போய்ப் பழைய தேக்கு நிலைக்கால் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மூலைகளுக்கு ஆணி அடிக்காமல் பல் வெட்டிக் கோத்தார். என்னைத் தேய்க்க விடவில்லை. அவரே தேய்த்தார், பாலிஷ் போட்டார். சின்னப் பித்தளைப் பூட்டும் சாவியும் வாங்கிப் பொருத்தினார். ஒரு முழ நீளம் வந்தது.

"நகைப்பெட்டி இத்தினி பெருசா இருக்குமாண்ணே?" என்றேன்.

"இதுக்குக் கீழ என் கைக்கு வராதும்மா" என்றார்.

உள்துணிக்குத்தான் ரொம்ப யோசித்தார். வெள்ளை ஆகாது, ஊதா ஆகாது. அந்த இரண்டும்தான் எங்கள் கடையில் ஓடுகிற நிறம். ரோஸ் நிறத்தில் சாட்டின் வாங்கினார். பிறகு துணியைச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்து, சுற்றிலும் ஆணி அடித்து, ஆணி தெரியாமல் மேலே லேஸ் ஒட்டினார். அடியில் பஞ்சு மெத்தை. ஒரு பக்கத்தில் அதே சாட்டினில் ஒரு குட்டித் தலையணை.

"ஆரம் சாய்ஞ்சிகினு இருக்கும். எடுக்கறதுக்கு சுளுவா இருக்கும்" என்றார்.

அழகாக இருந்தது. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு என்ன தோன்றும்?

நிச்சயதார்த்தம் மாதவரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பழத்தட்டு தூக்க என்னையும் கூட்டிப்போனார். அவர் புதுச்சட்டை போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. பிலோமி வாசலிலேயே ரகசியமாக, "தட்டுங்கள வச்சிட்டு ஓரமா நில்லு. நானே கூப்ட்டு அறிமுகம் பண்றேன்" என்றாள்.

தட்டுகளை மேடைக்கு முன்னால் ஜமக்காளத்தில் பரப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை விக்டோரியா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பறிகொடுத்து வருஷம் திரும்பவில்லை என்று யாரோ பேசிக்கொண்டார்கள். பெட்டி அவள் மடிக்குப் போனது. மேல்மூடியைத் தடவி, "நல்ல தேக்கு" என்றாள். ஓரத்தில் நின்ற அண்ணனின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

அவள் சாவியைத் திருப்பித் திறந்தாள்.

உள்ளே பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அந்தக் குட்டித் தலையணையை அழுத்திப் பார்த்தாள்.

"இந்த மெத்தையிலதானடி எங்க வூட்டுக்காரர படுக்க வச்சேன்" என்றாள். "இதே மடிப்பு. இதே லேஸு. தலமாட்டுல இதே மாதிரி திண்டு. நல்ல காரியத்துல கொண்டாந்து கொழந்தைக்கு செய்யற சவப்பெட்டியா குடுக்கறீங்க?"

பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னாலிருந்து மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன், "பூட்டு சாவி வேற கீது மாமு! உள்ள போனவன் எகிறி வெளிய வந்துடுவான்னு பயமா?" என்றான். இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"யாரு செஞ்சது இது?" என்றாள் அத்தை.

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். பிலோமி முந்திக்கொண்டாள்.

"கடையில சொல்லி வாங்கனது அண்ணி. பாவி, இப்படிப் பண்ணி வச்சிட்டான்."

"இந்த ஆளு யாரு?"

பிலோமி அண்ணனைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். "சாமான் ஏத்திகினு வந்தவரு" என்றாள். பிறகு அவரிடம், "இன்னாய்யா பாத்துகினு நிக்கற? எடுத்துகினு போ" என்றாள்.

"சரிங்கம்மா" என்றார் அண்ணன்.

பெட்டியை எடுக்கக் குனிந்தபோது மேடையிலிருந்த ஷைனியை நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். போட்டோகிராபர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

நாங்கள் படியிறங்கும்போது அத்தை கேட்டது காதில் விழுந்தது. "உங்கண்ணன எங்க காணோம்?"

"அவருக்கு ஜுரம் அண்ணி."

வாசலில் ஒரு பையில் இரண்டு பிரியாணிப் பொட்டலம் போட்டு அண்ணன் கையில் கொடுத்தார்கள். "டிரைவருக்கும் சேத்து கீது" என்றார்கள். அவர் வாங்கிக்கொண்டார்.

பிறகு பிலோமி போன் செய்தாள். போனைக் காதில் வைத்தால் அண்ணனுக்குச் சரியாகக் கேட்காது, ஸ்பீக்கரில்தான் போடுவார். "கல்யாணத்துக்கு வந்துடாதண்ணே. அந்தம்மா உன் மூஞ்ச பாத்துட்டா. மாமனுக்கு ஜெரிய நிக்க வச்சிக்கறேன்" என்றாள். ஜெரி அவள் வீட்டுக்காரரின் சிநேகிதர். "அதான் சரி" என்றார் அண்ணன். பெட்டியை எட்டாத உயரத்துப் பலகையில் வைத்தார். கைக்கு எண்ணெய் தடவுவதை விட்டுவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் வழக்கம்போலத்தான் கடை திறந்தோம். ஆட்டோவிலிருந்து ஒருவன் இறங்கி உள்ளே வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். ஆட்டோவில் ஒரு அம்மா துண்டுச் சுருட்டலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சின்னதா ஒண்ணு வேணும்ணே" என்றான். "கொறமாசம். பொண்ணு."

அண்ணன் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். அவன் அதைப் பார்க்கவில்லை. மேல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்த குடுண்ணே."

"அது வேற ஒண்ணுத்துக்கு செஞ்சதுப்பா."

"ரொம்ப அழகா கீதுண்ணே" என்றான். "எம் பொண்ணுக்கு நான் வேற எதுவும் வாங்கித் தரல."

அந்தப் பெட்டியை அழகாக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவன்தான்.

அண்ணன் ஸ்டூலில் ஏறி இறக்கினார். தூசி துடைத்தார். திருப்புளியை எடுத்துப் பூட்டைக் கழற்றினார். பூட்டு இருந்த ஓட்டையில் மரத்தூளையும் பசையையும் குழைத்து வைத்து அடைத்தார். தலையணையை ஒரு தட்டுத் தட்டிச் சரி செய்தார். அதற்கு மட்டும் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

அவன் பெட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது பேண்டு சத்தம் கேட்டது. அண்ணன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் இரு தம்பி. கல்யாண வண்டி போவட்டும்."

போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். மூன்று பேரும் உள்ளே நின்றோம். ஷட்டருக்குக் கீழே வண்டிச் சக்கரங்களும் கால்களும் மட்டும் தெரிந்தன. நான் குனிந்து பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை. கழற்றிய பூட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு சத்தம் அடங்கட்டும் என்று நின்றிருந்தார்.