கடிக்காத நாய்க்கு ஐந்து ஊசி

எங்கள் வீட்டு நாய் என்னைக் கடித்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொன்னது பொய். அது ஆறு மாதக் குட்டி. கடிப்பது இருக்கட்டும், குக்கர் விசில் அடித்தாலே சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அதன் மேல் எழுபத்து மூன்று வயதில், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, பழி போட்டேன். காரணம் அதைவிடக் கேவலமானது. காலையில் சிரிக்கப் போகாமல் தப்பிப்பதற்காகச் சொன்னேன்.

மராட்டி பேசும் ஊரான ஹடப்சரில் மகளோடு இருக்கிறேன். கோர்படிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை. மகள் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மழைக்காலத்தில் கோந்த்வாவில் நின்றுகொண்டிருந்த ஒரு டெம்போவுக்கு அடியிலிருந்து இந்தப் பழுப்பு நிறக் குட்டியை எடுத்து வந்தாள். பயந்த குட்டி. ஆனால் அந்த நாளில் அதன் பயம் சாதாரணமானதுதான். நாலு நாள் பழகினால் போய்விடும் அளவு.

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் வயதானவர்களின் சிரிப்புக் குழு ஒன்று உண்டு. தினமும் ஆறரைக்குத் தோட்டத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் இருபது பேர் வட்டமாக நின்று, கையைத் தூக்கி, “ஹோ ஹோ, ஹா ஹா ஹா” என்று கத்துவார்கள். நடத்துபவர் ஓய்வு பெற்ற நர்ஸ், மராட்டிக்காரர். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி போன பிறகு என்னைச் சிரிக்க வைத்தே தீருவது என்று அவர் முடிவு செய்திருந்தார். காலையில் மணி அடிப்பார். “காகா, சலா!” பெரியவரே, வாருங்கள் என்று அர்த்தம். மூட்டு வலி என்றேன். உட்கார்ந்தபடியே சிரிக்கலாம் என்றார். ரத்த அழுத்தம் என்றேன். கருவியைக் கொண்டு வந்து பார்த்து, என்னைவிட உங்கள் அழுத்தம் நன்றாக இருக்கிறது என்றார். துக்கத்தில் இருந்தேன் என்று சொன்னால் மதிப்பாக இருக்கும். உண்மை அதுவல்ல. ஒரு வாத்தியார் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்று ஹோ ஹோ என்று கத்துவதா என்ற கௌரவம், அவ்வளவுதான்.

வியாதிகள் தீர்ந்துபோன ஒரு காலையில் கதவைத் திறந்தபோது, குட்டி என் காலுக்குப் பின்னால் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. “நாய் கடித்துவிட்டது, சிஸ்டர்” என்று வாயில் வந்துவிட்டது.

“எங்கே?”

முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். முன்கையைக் காட்டினேன். அவர் குட்டியைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அது வாலைக் கால்களுக்கு நடுவில் சொருகிக்கொண்டது. குற்றம் நிரூபணமாகிவிட்டதைப் போல இருந்தது.

பொய்க்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மருந்துக் கடையில் கட்டுத்துணி வாங்கி, எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் தீயணைப்புக் குழாய் வைத்திருக்கும் சிவப்புப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். கீழே போகும்போது அங்கே நின்று கட்டிக்கொள்வேன். மேலே வரும்போது அவிழ்த்து வைத்துவிடுவேன். மகளுக்குத் தெரியாது; அவள் மனம் நொந்துபோவாள், அவளிடம் இதைப் பேச வேண்டாம் என்று எல்லாரிடமும் கேட்டு வைத்திருந்தேன். அதோடு முடியவில்லை. நாய்க்கடிக்கு ஐந்து ஊசி. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலு, இருபத்தெட்டு. தேதிகள் சிஸ்டருக்கு மனப்பாடம். அந்தந்த நாளில் கேட்டில் நின்று வழியனுப்புவார். நான் காடிதள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல், இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவேன். மூன்றாவது ‘ஊசி’ அன்று அங்கேயே போன் வந்தது.

“காகா, வலிக்கிறதா?”

“கொஞ்சம்” என்றேன். மரப்பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து வேறோர் இடம் வலித்துக்கொண்டிருந்தது.

இதற்குள் கதை லிப்டில் ஏறி இறங்கி வளர்ந்துவிட்டது. சதை பிய்ந்துவிட்டது என்றார்கள். பத்துத் தையல் என்றார்கள். காகா படுத்த படுக்கை என்று ஒருவர் என்னிடமே சொன்னார், என்னை வேறு யாரோ என்று நினைத்து. குட்டி கீழே வந்தால் குடைகள் நிமிர்ந்தன. மூன்றாம் மாடிக்காரர் ஸ்டீல் தட்டில் கரண்டியால் அடித்துத் தன் வருகையை அறிவித்தார். ஒரு பெண்மணி லிப்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நாலு மாடிக்கும் அலறினார். உலகத்தில் மனிதர்கள் என்றால் அலறுகிறவர்கள், தட்டு அடிக்கிறவர்கள் என்று குட்டி கற்றுக்கொண்டது. அது அப்படிக் கற்றுக்கொண்டதில் ஒரு தவறும் இல்லை. லிப்ட் கதவு திறந்தாலே நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போனது. பிறகு, தூரத்தில் யார் தெரிந்தாலும் குலைக்க ஆரம்பித்தது. பயத்தில் குலைக்கிறது என்பது எனக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும்.

மகள் விடவில்லை. எங்கெங்கோ படித்து ஒரு முறையைக் கண்டுபிடித்தாள். நாங்கள் அசைவம் சமைக்காத குடும்பம். அவள் பால்கனியில் மின் அடுப்பு வைத்துக் கோழி வேகவைத்து, பொடிப்பொடியாக நறுக்கி டப்பாவில் எடுத்துப் போவாள். தூரத்தில் புது ஆள் தெரிந்தால் குட்டிக்கு ஒரு துண்டு. ஆள் போய்விட்டால் துண்டும் கிடையாது. இழுக்கக் கூடாது, அதட்டக் கூடாது. அது எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவே போதும், வால் தாழ்ந்தால் திரும்பிவிட வேண்டும். ஆபீஸ் போவதை நிறுத்தி, வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு, தினம் மூன்று முறை இதைச் செய்தாள். பத்து நாளில் நாலடி முன்னேற்றம் வரும். ஒருவர் தட்டில் அடிப்பார். எட்டடி பின்னால் போகும்.

ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். “நான்தான் ஏதோ கலத் பண்றேன்ப்பா. எல்லாரும் இவளப் பாத்தா ஏன் இப்பிடி ஓடறாங்க? எனக்குப் புரியவே இல்ல.”

“உன் மேல தப்பு இல்லம்மா” என்றேன். அந்த வருடம் நான் சொன்ன ஒரே உண்மை அது. பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு மூத்த குடிமகனைக் கடித்த நாய் ஒரு மாதத்துக்குள் வெளியேற்றப்பட வேண்டும். யாரை என்று அதில் பெயர் இல்லை; குலைத்ததைத்தான் கடி என்று எழுதிவிட்டார்கள் என்று மகள் நினைத்தாள். அன்று மகள் டீ கூடக் குடிக்காமல் போனில் வேறு வீடு தேடிக்கொண்டிருந்தாள். “இவள எங்கயும் விட மாட்டேன். நாம ஷிப்ட் பண்ணிடலாம்ப்பா. உங்களுக்குக் கஷ்டம்தான், தெரியும்.” என் கஷ்டத்துக்கு அவள் வருத்தப்பட்டது தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், பஸ் ஸ்டாண்டு வரை.

அவள் கத்தவில்லை. “கட்டு எங்க?” என்று மட்டும் கேட்டாள். அழைத்துப் போய்ச் சிவப்புப் பெட்டியைத் திறந்து காட்டினேன். வெளியே எடுத்துப் பார்த்தாள். துவைத்து மடித்து வைத்திருந்தேன்.

“ஏம்ப்பா, சிரிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?”

பெட்டியின் கதவை மூடினேன்.

“நாளைக்குக் காலைல கார்டன்ல போய்ச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும். மராட்டில சொல்லுங்க, இங்கிலீஷ் வேணாம். இங்கிலீஷ்ல சொன்னா நீங்க அழகாப் பேசிடுவீங்க.”

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வட்டத்தின் நடுவில் நின்று ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்வார். மற்றவர்கள் அதைச் சிரித்தே விரட்டுவார்கள். எனக்கு அது தெரியாது. மறுநாள் நேராக நடுவில் போய் நின்று, ஒத்திகை பார்த்து வைத்திருந்த மராட்டியில், “நாய் என்னைக் கடிக்கவில்லை. நான் பொய் சொன்னேன்” என்றேன். இருபது ஜோடிக் கைகள் மேலே போயின. ஹோ ஹோ, ஹா ஹா ஹா. குரலை உயர்த்தி மறுபடி சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒருவர், “புது மெம்பர் பிரமாதம்!” என்று கை தட்டினார். மூன்றாவது முறை கையைக் கூப்பிக்கொண்டு சொன்னேன். அப்போதுதான் சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

கமிட்டி செக்ரட்டரியும் வட்டத்தில் இருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னை மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், “காகா, பயப்படாமல் சொல்லுங்கள். மகள் மிரட்டி உங்களை இப்படிச் சொல்ல வைக்கிறாளா? சாப்பாடு ஒழுங்காகப் போடுகிறாளா?” என்று கேட்டார். பொய்யை எல்லாரும் ஒரே நாளில் நம்பினார்கள். உண்மையைச் சொன்னதும் பழி நாயை விட்டு மகள் மேல் ஏறிவிட்டது.

காப்பாற்றியது சிஸ்டர்தான். என் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, முன்கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “தழும்பு இல்லை. கீறல்கூட இல்லை.” பிறகு, “அந்த ஐந்து ஊசி?”

“காடிதள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன்.”

“ஐந்து தடவையும்?”

“ஐந்து தடவையும்.”

“நான் உங்களுக்காக வியாழக்கிழமை விரதம் இருந்தேனே, காகா.” இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

செக்ரட்டரி கடிதத்தைத் திரும்பப் பெற ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது கடிக்கவில்லை, சரி. இப்போது குலைக்கிறதே, நாளைக்குக் கடித்தால் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு மாதத்துக்குள் அந்த நாய் மனிதர்களைத் தாண்டி அமைதியாக மெயின் கேட்வரை போய்க் காட்டட்டும், பார்க்கலாம் என்றார். அந்த மனிதர்கள் யார்? தட்டு அடித்தவர்களும் குடை நீட்டியவர்களும்தான். அவர்கள் காலில் விழாத குறையாக, தயவுசெய்து என் மகள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள் என்று கேட்டேன். சிஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். ஊசிக்குப் போன நாட்களுக்குப் பதிலாக மட்டுமல்ல, மாதம் முழுவதும் நான் வந்து சிரிக்க வேண்டும்.

மகள் வந்து விதிகளைச் சொன்னாள். குட்டியைப் பார்க்கக் கூடாது. கூப்பிடக் கூடாது. குனியக் கூடாது. நேராக வராமல் பக்கவாட்டில் நடந்து வந்து, ஒரு துண்டைத் தரையில் போட்டுவிட்டு, போய்க்கொண்டே இருக்க வேண்டும். கோழியைத் தொடாத சைவக்காரர்களுக்குப் பனீர். ஒரு விருந்தாளி வந்தால் அள்ளி அணைத்துப் பெயர் கேட்டு இனிப்பு ஊட்டியே பழக்கப்பட்ட இருபது பேருக்கு, ஒரு ஜீவனைக் கண்டுகொள்ளாமல் போவது லேசில் வரவில்லை. ஒத்திகை தேவைப்பட்டது.

“அப்பா, நீங்க குட்டியா இருங்க” என்றாள் மகள்.

தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, என் காலடியில் ஒரு வேர்க்கடலையைப் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் மாடிக்காரரால் முடியவில்லை. “குட் மார்னிங் காகா” என்றுவிட்டார். மகள் அவரைத் திரும்ப அனுப்பி மறுபடி வரச் சொன்னாள். நாலு நாள் இப்படி உட்கார்ந்தேன். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

சிஸ்டர் இந்த முறையைத் தடுப்பூசியாகவே புரிந்துகொண்டார். சிறிய டோஸில் தொடங்க வேண்டும். முதல் நாள் ஒரே ஒரு மனிதர், தோட்டத்தின் அந்தக் கோடியில். மூன்றாம் நாள் இரண்டு பேர். ஏழாம் நாள் கொஞ்சம் பக்கத்தில். குட்டி வருகிற நேரத்தில் சிரிப்புச் சத்தம் கூடாது என்பதால், வாயைத் திறந்து, தோளைக் குலுக்கி, சத்தமே இல்லாமல் சிரித்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த வாட்ச்மேன் அதைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் வயதானவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று செக்ரட்டரிக்கு போன் செய்தான். செக்ரட்டரியும் அந்த வட்டத்தில் நின்று சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். போன் மணி அடித்ததில் குட்டி ஒரு வாரம் பின்னால் போனது. அவர் தும்மியதில் இன்னொரு நாலு நாள்.

இருபத்தாறாம் நாளோ என்னவோ, சிஸ்டர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி பனீர்த் துண்டைப் போட்டுவிட்டு நகரப் போனார். குட்டி அதைத் தின்றுவிட்டு, கழுத்தை மட்டும் நீட்டி, அவர் செருப்பை மோந்து பார்த்தது. பிறகு அடுத்தவர் செருப்பை. வட்டம் முழுவதும் ஒருவரும் அசையவில்லை. இருபது பேரும் தண்ணீர்த் தொட்டியை வெறித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாடிக்காரருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கக் கூடாது என்று அப்படியே விட்டார். குட்டி எல்லாச் செருப்பையும் விசாரித்துவிட்டு, மகளோடு கேட்டுவரை நடந்து போய்த் திரும்பி வந்தது. குலைக்கவில்லை.

கமிட்டியின் பிராணிகள் பதிவேட்டில் கடி என்று எழுதியிருந்ததை அடிக்க வேண்டும் என்று கேட்டேன். அடித்தல் திருத்தல் கூடாது, புது வரிதான் எழுதலாம் என்றார் செக்ரட்டரி. என் குற்றத்தை எழுதுங்கள் என்றேன். இதில் மனிதர்களுக்குக் கட்டமே இல்லை என்றார். அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் ‘பிராணி வகை’ என்ற கட்டத்தில் ‘அப்பா’ என்றும், ‘குற்றம்’ என்ற கட்டத்தில் ‘பொய்’ என்றும், ‘நடவடிக்கை’யில் ‘தினமும் ஆறரை மணி’ என்றும் எழுதி முத்திரை குத்தினார். மகள் அதைப் போட்டோ எடுத்து அமெரிக்காவில் இருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பினாள்.

அவள் இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போகிறாள். அந்த நாட்களில் குட்டியைக் கீழே கூட்டிப் போகும் பொறுப்பைச் சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறாள். நான் வீட்டில்தான் இருக்கிறேன். சிஸ்டர் மணி அடித்தால் கதவைத் திறப்பேன். குட்டி என் காலைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடும். போன வாரம் மகளிடம் கேட்டேன், நானே கூட்டிப் போகட்டுமா என்று. லாப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“பாக்கலாம்ப்பா” என்றாள்.